நுண்துளை ஆபரேஷனும் பெரியம்மாவின் நாற்பது நாட்களும்

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)



சென்ற ஆண்டு கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் மாலை எங்கள் வீட்டு வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. என் பெரியம்மா யார் கையையும் பிடிக்காமல் தாமே இறங்கி, மெல்ல நடந்து உள்ளே வந்தார்கள். கானாவிலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பித்தப்பையை எடுத்துவிட்டு, ஆபரேஷன் நடந்த மூன்றாம் நாளே வீடு திரும்பியிருந்தார்கள். பெரிய ஆபரேஷன் என்று கேள்விப்பட்டு ஆரஞ்சுப் பழமும் ரொட்டியுமாகக் காத்திருந்த தெருப் பெண்களுக்கு அது சிறிது ஏமாற்றமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். வயிற்றில் நான்கே நான்கு பிளாஸ்திரிகள். "இம்புட்டுத்தானா?" என்று ஒருவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

அன்றைக்கே எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகள் தோன்றிவிட்டன. ஒரு கட்சிக்கு என் அப்பத்தா தலைமை. "ஆண்டவன் குடுத்த உறுப்புல ஒண்ணப் புடுங்கிப்புட்டாக. இனி எண்ணெய் ஆகாது, கறி ஆகாது, காட்டு வேலையும் ஆகாது. ஆயுசுக்கும் பத்தியந்தான்" என்பது அவர்கள் தீர்ப்பு. மறு கட்சி, பெரியம்மாவுடன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போகும் பெண்கள். "நாலு ஓட்டதான மதினி? அடுத்த வாரம் காய் எடுக்க வந்துருங்க, ஆள் பத்தல" என்றார்கள் அவர்கள். பெரியம்மாவோ யாருக்கும் பதில் சொல்லாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த இரண்டில் எது சரி? இதை என் விஞ்ஞான ஆசிரியையான சிஸ்டரிடம் கேட்டேன். அவர்கள் பாதி விளக்கிவிட்டு, "மீதியை நீயே படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டு ஆண்டு மலருக்கு எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் பிறந்ததே இக்கட்டுரை.

முதலில் பித்தப்பை என்றால் என்ன என்று பார்ப்போம். நம் வயிற்றின் வலது மேற்புறத்தில் விலா எலும்புகளுக்குள் கல்லீரல் இருக்கிறது. அது நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கொழுப்பைக் கரைத்துச் செரிக்கச் செய்வது இந்தப் பித்தநீரின் வேலை. கல்லீரலுக்கு அடியில் ஒரு சிறிய பேரிக்காய் வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் பைதான் பித்தப்பை. அதில் 30 முதல் 50 மில்லி லிட்டர் வரைதான் பிடிக்கும். இரண்டு மூன்று மேசைக் கரண்டி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் சாப்பிடாத நேரத்தில் வரும் பித்தநீரை அது வாங்கி, நீரை வற்றச் செய்து, கெட்டியாக்கிச் சேர்த்து வைக்கிறது. நெய்யோ எண்ணெயோ உள்ள உணவு சிறுகுடலை அடைந்தவுடன் குடலிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்பட்டுப் பித்தப்பைக்குச் சேதி சொல்லும். பை சுருங்கும். சேர்த்து வைத்த பித்தம் குடலுக்குள் பாயும்.

ஆகவே பித்தத்தை உண்டாக்குவது பித்தப்பை அன்று. அது வெறும் சேமிப்புத் தொட்டி. இதைத் தெளிவாகப் புரிந்துகொண்டால் அப்பத்தாவின் பயத்தில் பாதி போய்விடும். தொட்டியை எடுத்துவிட்டாலும் ஊற்று நிற்பதில்லை. பித்தநீர் கல்லீரலிலிருந்து நேராகக் குழாய் வழியே குடலுக்குச் சொட்டிக்கொண்டே இருக்கும்.

பை சரியாகச் சுருங்காமல் பித்தம் தேங்கினாலும், அதில் கொழுப்புப் பொருளோ நிறமிப் பொருளோ அளவுக்கு மிஞ்சினாலும், அது படிந்து கல்லாகிறது. பெண்களுக்கு, அதிலும் பிள்ளை பெற்றவர்களுக்கு, இது அதிகம். நீண்ட நேரம் பட்டினி கிடப்பதும் ஒரு காரணம். பெரியம்மா விடியுமுன் ஜீப் ஏறுகிறவர்கள். காலைச் சாப்பாடு என்பது மலைமேல் போய்ப் பத்து மணிக்குத்தான். தவக்காலத்தில் ஒருசந்தி வேறு. (நோயாளிகளுக்கு ஒருசந்தியிலிருந்து விலக்கு உண்டு என்பதைச் சிஸ்டர் என்னிடம் மூன்று முறை சொல்லி அனுப்பினார்கள். பெரியம்மா கேட்டால்தானே!)

இங்கே ஓர் ஆச்சரியமான செய்தி. மல்ஹோத்ரா என்னும் டாக்டர் இந்திய ரெயில்வே தொழிலாளர்களை ஆராய்ந்து 1968-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தென்னிந்தியத் தொழிலாளர்களைவிட வடஇந்தியத் தொழிலாளர்களிடையே பித்தப்பைக் கல் ஏழு மடங்கு அதிகமாக இருந்ததாம். ஒரே ரெயில்வே, ஒரே மாதிரி வேலை. ஆனாலும் இவ்வளவு வேறுபாடு. கல்லின் இனமும் வேறு. வடக்கே கொழுப்புக் கற்கள் மிகுதி. நம் பக்கம் கறுப்பும் பழுப்புமான நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் மிகுதி. பெரியம்மாவின் கற்களை ஒரு சிறு பாட்டிலில் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒன்பது கற்கள். மிளகைப் போலக் கறுப்பாக இருந்தன. இதற்குத்தானா இத்தனை பாடு என்று தோன்றியது.

அந்தப் பாடும் கொஞ்சமல்ல. எட்டு மாதம் அது வாயு என்றே எங்கள் வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தோம். ஓமத் தண்ணீர், இஞ்சிச் சாறு, பெட்டிக்கடைச் சோடா எல்லாம் ஆயிற்று. இரவில் சாப்பிட்டுப் படுத்த பிறகு வலது விலாவின் கீழே பிடிக்கும். முதுகில் தோள்பட்டை எலும்பு வரை ஏறும். இரண்டு மூன்று மணி நேரம் உருண்டு புரண்டு, பிறகு தானே விட்டுவிடும். விட்டுவிடுவதால்தான் யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு நாள் வலியோடு காய்ச்சலும் வாந்தியும் சேர்ந்து வந்த பிறகே ஸ்கேன் எடுத்துப் பார்த்தோம்.

இனி ஆபரேஷனின் கதைக்கு வருவோம். பித்தப்பையை முதன்முதலில் வெற்றிகரமாக எடுத்தவர் பெர்லின் நகரத்துக் கார்ல் லாங்கன்பூக் என்னும் டாக்டர். ஆண்டு 1882. நோயாளி 43 வயது மனிதர். பதினாறு ஆண்டுகளாக வலியால் துடித்தவர். கல்லை மட்டும் எடுத்தால் மறுபடி கல் உண்டாகும், கல்லை உண்டாக்கும் பையையே எடுக்க வேண்டும் என்பது லாங்கன்பூக்கின் வாதம். பை இல்லாமல் உயிர் வாழ முடியுமா என்று கேட்டவர்களுக்கு அவர் யானையையும் குதிரையையும் காட்டினார். அவற்றுக்குப் பித்தப்பையே கிடையாது!

இதை நான் பெருமையோடு அப்பத்தாவிடம் சொன்னேன். நம் மேகமலை யானைக்குப் பித்தப்பை இல்லை, அது சுகமாகத்தானே திரிகிறது என்றேன். அப்பத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "யான கரும்பத் திங்குது. கோழிக் கொழம்பா திங்குது?" என்று கேட்டார்கள். எனக்குப் பதில் வரவில்லை. சிஸ்டரிடம் சொன்னபோது அவர்கள் வெகுநேரம் சிரித்தார்கள். பிறகு, "உன் அப்பத்தா கேட்டதில் விஞ்ஞானம் இருக்கிறது. கொழுப்பு அதிகம் உண்ணாத பிராணிக்குச் சேமிப்புத் தொட்டி தேவைப்படுவதில்லை என்றும் சொல்லலாம்" என்றார்கள்.

லாங்கன்பூக்கின் காலத்திலிருந்து நூறு ஆண்டுகளாக இந்த ஆபரேஷன் என்றால் வலது விலாவின் கீழே ஒரு நீண்ட வெட்டு என்றே இருந்தது. ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுக்கை. வீட்டில் ஒன்றரை, இரண்டு மாதம் ஓய்வு. 1985 செப்டம்பர் 12 அன்று ஜெர்மனியில் போப்லிங்கன் என்னும் ஊரில் எரிக் மூஹே என்ற டாக்டர், குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே பித்தப்பையை எடுத்தார். மறு ஆண்டு ஜெர்மன் டாக்டர்கள் சபையில் அவர் இதைச் சொன்னபோது யாரும் பாராட்டவில்லை, பரிகாசமே கிடைத்தது. அதே சபை 1992-ல் அவருக்குப் பரிசு கொடுத்தது. இடையில் 1987-ல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் பிலிப் மூரே என்பவரும் செய்து காட்ட, முறை உலகெங்கும் பரவிற்று. நம் நாட்டில் இதை முதலில் செய்தவர் பம்பாய் ஜே.ஜே. ஆஸ்பத்திரியின் டாக்டர் தெஹம்டன் உத்வாடியா, ஆண்டு 1990. வயிற்றுக்குள் குழாய் விட்டு நோயைக் கண்டறியும் முறையை அவர் 1972-லேயே தொடங்கிவிட்டார். அவருக்குப் பத்மபூஷண் விருது 2017-ல் கிடைத்தது. முதல் ஆபரேஷன் பம்பாயில் நடந்தபோது என் அப்பா பள்ளிக்கூடப் பையன். இன்று முதலமைச்சர் காப்பீட்டு அட்டையுடன் கோம்பையிலிருந்து பஸ் ஏறி இரண்டு பஸ் மாறிப் போய் அதே ஆபரேஷனைச் செய்துகொண்டு வர முடிகிறது.

உள்ளே நடப்பது இதுதான். நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்துகிறார்கள். தொப்புளருகே ஒரு சிறு துளையிட்டுக் கரியமில வாயுவைச் செலுத்துகிறார்கள். வயிறு கூடாரம் போல உயர்ந்து நிற்கும். அப்போதுதான் உள்ளே இடம் கிடைக்கும். கரியமில வாயு ஏன் என்றால், அது தீப்பற்றாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சுவழி வெளியேறிவிடும். (நாங்கள் பெரியம்மாவுக்குக் கொடுத்த சோடாவில் இருந்ததும் அதுவே!) தொப்புள் துளை வழியாகக் காமிராவும், மற்ற மூன்று துளைகள் வழியாக நீண்ட கருவிகளும் போகும். துளைகள் அரை சென்டிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் வரைதான். டாக்டர் டெலிவிஷன் திரையைப் பார்த்துக்கொண்டே பித்தப்பையின் குழாயையும் இரத்தக் குழாயையும் சிறு உலோகக் கிளிப்புகளால் அடைத்து, வெட்டி, கல்லீரலிலிருந்து பையை உரித்தெடுத்து, ஒரு துளை வழியாக வெளியே இழுத்துவிடுகிறார். சிலருக்கு உள்ளே ஒட்டுதல் அதிகமாக இருந்தால் பாதியில் பழைய முறைக்கு மாறி வெட்டு போட வேண்டியும் வரும். அது டாக்டரின் தோல்வி அன்று. நோயாளியின் நன்மைக்காகவே அப்படிச் செய்கிறார்கள்.

இங்கேதான் இக்கட்டுரையின் முக்கியமான விஷயம் இருக்கிறது. மேலே படித்ததைத் திரும்பப் பாருங்கள். அடைத்தது, வெட்டியது, உரித்தது எல்லாம் பழைய முறையில் செய்யும் அதே வேலைகள். மாறியது உள்ளே போகும் வாசல் மட்டுமே. வாசல் சிறியது என்பதால் வலி குறைவு, கிருமி தொற்றும் வாய்ப்பு குறைவு, சீக்கிரம் எழுந்து நடக்கலாம். ஆனால் உள்ளே இருக்கும் புண் சிறியது என்று அதற்கு அர்த்தமில்லை. தெருப் பெண்கள் வெளியே தெரிந்த நான்கு பிளாஸ்திரிகளை மட்டும் பார்த்துக் கணக்குப் போட்டார்கள். அப்பத்தா உள்ளே போன பையை மட்டும் நினைத்துக் கணக்குப் போட்டார்கள்.

பெரியம்மாவின் நாட்கள் எப்படிக் கழிந்தன என்று சொல்கிறேன். முதல் இரவில் வயிற்றைவிட வலது தோள்தான் அதிகம் வலித்ததாம். ஆபரேஷன் செய்தது வயிற்றில், வலிப்பது தோளில். ஏதோ தவறு நடந்துவிட்டது என்று பெரியப்பா பயந்து நர்ஸம்மாவை எழுப்பிவிட்டார்கள். காரணம் எளியது. வயிற்றில் மிச்சம் தங்கிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தைத் தொந்தரவு செய்கிறது. அந்த உதரவிதானத்தின் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்துத் தண்டில் ஒரே இடத்திலிருந்து புறப்படுகின்றன. ஆகவே மூளை ஏமாந்துபோய் வலியைத் தோளின் கணக்கில் எழுதிவிடுகிறது! எழுந்து நடக்க நடக்க வாயு கரைந்து, இரண்டு மூன்று நாளில் இந்த வலி போய்விடும். பெரியம்மாவுக்கும் நான்காம் நாள் போய்விட்டது.

இருமலும் தும்மலும் அடுத்த தொல்லை. இருமல் வரும்போது ஒரு சிறு தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளும்படி நர்ஸம்மா சொல்லிக் கொடுத்திருந்தார்கள். படுத்த நிலையிலிருந்து நேராக எழக் கூடாது. ஒருக்களித்துப் புரண்டு, கையை ஊன்றி எழ வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். ஆகவே நாள்தோறும் காலையும் மாலையும் வீட்டுக்கும் தெருமுனைக்கும் பெரியம்மா நடந்தார்கள். துணைக்கு நானும், எங்கள் பின்னால் எதிர்வீட்டு நாயும். (கோம்பை என்று சொன்னாலே வெளியூர்க்காரர்கள் நாயைத்தான் விசாரிக்கிறார்கள், ஆனால் இது சாதாரண நாட்டு நாய்தான்.) எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள்.

சாப்பாட்டில் பத்தியம் என்று பெரிதாக எதுவும் டாக்டர் சொல்லவில்லை. முதல் சில வாரம் எண்ணெயையும் வறுவலையும் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை சாப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். தொட்டி இல்லாததால் ஒரே வேளையில் நிறையக் கொழுப்பு வந்தால் சமாளிக்கக் குடல் சிறிது பழக வேண்டியிருக்கிறது. சிலருக்குப் பித்தநீர் ஓயாமல் குடலில் இறங்குவதால் பேதி ஆகும். பெரும்பாலும் தானே குறையும், குறையாவிட்டால் மருந்து உண்டு. பெரியம்மாவுக்கு இரண்டு வாரம் இந்தத் தொல்லை இருந்தது. அதை வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. ஜீப்பில் போனால் வழியில் எங்கே இறங்குவது என்பதுதான் அவர்கள் கவலையாக இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

பன்னிரண்டாம் நாள் நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். காலையில் குழாயில் தண்ணீர் பிடிப்பது என் பொறுப்பாக இருந்தது. அரையாண்டுத் தேர்வு நேரம். நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் நின்றுவிடுமே என்று பெரியம்மா தாமே குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்திருக்கிறார்கள். தொப்புளில் சுருக்கென்று இழுத்தது. குடம் விழுந்த சத்தம் கேட்டுத்தான் நான் ஓடினேன். வாசற்படியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தார்கள். "ஒண்ணுமில்ல தாயி, நீ போயிப் படி" என்றார்கள். அன்று நான் எழுதிய கணக்குப் பரீட்சையைப் பற்றிக் கேட்காதீர்கள்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனோம். நல்ல வேளையாக எதுவும் பிரியவில்லை. டாக்டர் சொன்ன விளக்கம் இது: மேல் தோல் பத்து நாளில் ஒட்டிவிடும்; அதைப் பார்த்து நாம் புண் ஆறிவிட்டதென்று நினைப்போம். ஆனால் தோலுக்கு அடியில், வயிற்றுச் சுவரைத் தாங்கும் உறுதியான உறை ஒன்று உண்டு. தொப்புளில் அதையும் துளைத்துத்தான் போயிருக்கிறார்கள். அது பழைய பலம் பெறப் பல வாரங்கள் ஆகும். அதற்குள் பாரம் தூக்கினால் அந்த இடம் விட்டுக்கொடுத்துக் குடல் பிதுங்கலாம். அப்படியானால் இன்னோர் ஆபரேஷன். வீட்டில் உட்கார்ந்து செய்யும் வேலைகளை ஒன்று இரண்டு வாரத்தில் செய்யலாம். பாரம் தூக்க ஆறு வாரம் ஆக வேண்டும்.

ஆறு வாரம் என்று டாக்டர் சொன்னபோது பெரியம்மாவின் முகம் வாடியதைக் கண்டேன். ஏலக்காய்த் தோட்டத்தில் சம்பளத்தோடு விடுமுறை கிடையாது. போனால்தான் கூலி. மகளிர் குழுவில் வாங்கிய கடனுக்குத் தவணை ஒவ்வொரு மாதமும் வந்து நிற்கும். "வாசல் சின்னது, வேகமாகக் குணமாகும்" என்று உலகமெல்லாம் சொல்லும் செய்தி, ஆபீசில் நாற்காலியில் அமர்ந்து வேலை செய்பவர்களுக்கு முழு உண்மை. வண்டன்மேட்டுச் சரிவில் நாள் முழுவதும் குனிந்து காய் எடுத்து, மூட்டை தூக்கி, கம்பம்மெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பில் நெருக்கியடித்துக் குலுங்கி வருபவருக்கு அது பாதி உண்மைதான். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. பெரியம்மாவைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

ஆனால் இதை ஒட்டிய ஓர் ஆராய்ச்சியைப் பற்றிப் படித்தேன். இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் நகரத்து டாக்டர்கள் 1996-ல் வெளியிட்டது. 200 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நுண்துளை முறையிலும், மறு பிரிவுக்கு ஒரு சிறு கீறல் வழியாகவும் பித்தப்பையை எடுத்தார்கள். பிறகு ஒரு தந்திரம் செய்தார்கள். யாருக்கு எந்த முறை என்று நோயாளிக்கும் தெரியக் கூடாது, கவனிக்கும் நர்சுகளுக்கும் தெரியக் கூடாது என்று எல்லோர் வயிற்றிலும் ஒரே மாதிரிக் கட்டுப் போட்டுவிட்டார்கள்! முடிவு என்னவென்றால், இரு சாராரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வீட்டுக்குப் போனார்கள்; வேலைக்குத் திரும்பியதும் நான்கு, ஐந்து வாரம் என்று கிட்டத்தட்ட ஒரே அளவு. இது பழைய நீண்ட வெட்டோடு ஒப்பிட்டதன்று, சிறு கீறலோடு ஒப்பிட்டது என்பதை மறக்கக் கூடாது. ஆயினும் எனக்கு ஒன்று விளங்கிற்று. குணமாகும் காலத்தில் ஒரு பகுதியை வெட்டின் நீளம் முடிவு செய்கிறது. இன்னொரு பகுதியை நம் எதிர்பார்ப்பும் சுற்றியிருப்பவர்களின் பேச்சும் முடிவு செய்கின்றன. அப்பத்தா சொன்னபடி கேட்டிருந்தால் பெரியம்மா ஆயுள் முழுவதும் நோயாளி. தெருப் பெண்கள் சொன்னபடி கேட்டிருந்தால் ஏழாம் நாள் கூலிக்காரி.

உயிர் பிழைத்தால் போதுமா, வாழ்வு நன்றாக இருக்கிறதா என்று எப்படி அளப்பது? இதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரத்தைச் சேர்ந்த எய்பாஷ் என்னும் டாக்டரும் மற்றவர்களும் சேர்ந்து 1990-களில் இதை உருவாக்கினார்கள். மொத்தம் 36 கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் வயிற்று வலி எத்தனை முறை வந்தது, பிடித்ததைச் சாப்பிட முடிந்ததா, தூக்கம் வந்ததா, சோர்வும் கவலையும் இருந்தனவா, அன்றாட வேலை செய்ய முடிந்ததா என்று போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 4 வரை மதிப்பெண். ஆக மொத்தம் 144. நோயே இல்லாதவர்களும் சராசரியாக 125-ஐ ஒட்டித்தான் வாங்குகிறார்களாம். நம் வகுப்பில்கூட யாரும் முழு மதிப்பெண் வாங்குவதில்லையே!

நான் எனக்குத் தெரிந்த அளவில் அதே மாதிரிப் பதினைந்து கேள்விகளைத் தமிழில் எழுதி, முப்பதாம் நாள் பெரியம்மாவிடம் கேட்டேன். இது விளையாட்டுத்தான், ஆராய்ச்சி அன்று. இரவு வலி? "அது ஒழிஞ்சுபோச்சு." தூக்கம்? "எட்டு மாசத்துக்கு அப்புறம் இப்பத்தான் தூங்குறேன்." சாப்பாடு? "போன ஞாயித்துக்கெழம கோழி திண்டேன், உன் அப்பத்தாவுக்குத் தெரியாம." புளித்த ஏப்பம்? "அது அப்படியேதான் இருக்கு."

இந்தக் கடைசிப் பதிலைப் பற்றிச் சிஸ்டர் விளக்கினார்கள். பித்தப்பைக் கல்லால் வந்த வலி பித்தப்பையோடு போய்விடும். இரைப்பைப் புளிப்பால் வந்த ஏப்பமும் உப்புசமும் பித்தப்பையை எடுத்ததால் போகா; அதற்குத் தனி வைத்தியம். பலர் ஆபரேஷனுக்குப் பிறகு, 'எடுத்தும் பயனில்லை' என்று குறைப்படுவது இதனால்தான். எது போகும், எது போகாது என்று ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

கேள்விகளில் கடைசியாக, "மனசில் என்ன கவலை?" என்று எழுதியிருந்தேன். பெரியம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "ஜீப்புல என் எடத்துல வேற ஆள் ஏறிட்டாளாமே" என்றார்கள். இதற்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டேன்.

வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் நடந்தால் நாம் கவனிக்க வேண்டியவை சில உண்டு. வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாமல் கூடினால், அல்லது காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிறு உப்பி இறுகுதல், துளையில் சீழ், கண்ணில் மஞ்சள், சிறுநீர் மிகவும் மஞ்சளாகவோ கறுத்தோ போதல் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் 'நாலு ஓட்டைதானே' என்று இருந்துவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆயிரம் பேரில் மூன்று நான்கு பேருக்குப் பித்தக் குழாயிலேயே காயம் பட்டுவிடுவதுண்டு. சீக்கிரம் கண்டுபிடித்தால் நல்லது. எடுத்த பையைச் சோதனைக்கு அனுப்புவார்கள். அந்த ரிப்போர்ட்டைப் போய் வாங்க மறக்கக் கூடாது. நாங்கள் மறந்துவிட்டோம், தையல் பிரிக்கப் போனபோதும் வாங்கவில்லை, குடம் விழுந்த மறுநாள் போனபோதுதான் வாங்கி வந்தோம். பயப்பட ஒன்றுமில்லை என்று அதில் இருந்தது.

நாற்பத்து மூன்றாம் நாள் பெரியம்மா வேலைக்குப் போனார்கள். பெரியப்பா முதல் நாள் இரவே ஜீப் டிரைவரைப் பார்த்துப் பேசியிருந்தார்கள். முன் ஸீட்டில் ஓரமாக இடம், ஒரு மாதத்துக்கு மூட்டை தூக்குவதில்லை, காய் எடுப்பு மட்டும் என்று ஏற்பாடு. விடியுமுன் அப்பத்தா எழுந்து, தூக்குச் சட்டியில் இட்லி வைத்துக் கட்டிக் கொடுத்து, "வண்டி ஏறுமுன்னே ரெண்டத் தின்னுட்டுப் போ, பட்டினி கெடக்காத" என்றார்கள். எண்ணெய் விடாத பொடிதான் வைத்திருந்தார்கள். அதில் அவர்கள் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை.

மாலையில் நான் தெருமுனையில் காத்திருந்தேன். ஜீப் வந்து நின்றதும் பெரியம்மா இறங்கி, தூக்குச் சட்டியை என் கையில் கொடுத்தார்கள். "வலிச்சுச்சா பெரியம்மா?" என்று கேட்டேன். "இடுப்புத்தான் வலிக்குது, அது எப்பவும் வலிக்கிறதுதான்" என்று சொல்லிவிட்டு, குழாயில் தண்ணீர் வந்ததா என்று விசாரித்தார்கள். நான் காலையிலேயே பிடித்து வைத்திருந்தேன்.